ஹெட் கேஸ்கெட் மறுபடியும் போகிறதா? லைனரை அளந்தீர்களா?

போன மாதம் எங்கள் பட்டறைக்கு எம்ஜிஎஃப் என்கிற ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஒன்றரை வருடத்துக்குள் மூன்றாவது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் உடலான பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு). கொண்டுவந்த தம்பி தன் வண்டியில் தானே வேலை பார்ப்பவர், நல்ல ஆர்வம். "நல்ல கேஸ்கெட்தான் அண்ணா போட்டேன். ஹெட்டையும் சீவிக் கொடுத்தேன். டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்கினேன்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் பல வருடங்களுக்கு முன் இதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன்.

பேசப்போவது ரோவரின் கே சீரீஸ் 1.8 இன்ஜினைப் பற்றி. 1995-ல் வந்த எம்ஜிஎஃப், 1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலீஸ் இரண்டிலும் இதுதான் இருக்கிறது. எடை குறைவு, சுமார் 120 குதிரைசக்தி, சந்தோஷமாகச் சுற்றும் இன்ஜின். பிரிட்டனில் இன்றைக்கும் இந்த வண்டிகளை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பழுதுபார்க்கிற இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடாதே, ஆயில் மாற்று என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். அவர்கள் தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அடியில் ஈரம் கண்டதும் சம்ப் என்று முடிவு கட்டுவது

இந்த வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பது சிரமம். அதனால் எல்லோரும் ஜாக்கி வைத்து அடியில் படுத்துப் பார்க்கிறார்கள். அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் நனைந்திருக்கும். உடனே சம்பைக் கழற்றி, புதிதாக சீலன்ட் போட்டு மாட்டுவார்கள். ஒரு வாரத்தில் திரும்பவும் ஈரம்.

எண்ணெய் கீழேதான் வழியும், ஓடுகிற வண்டியில் காற்று அதைப் பின்னாலும் இழுத்துக்கொண்டு போகும். சம்பில் சொட்டுவது கேம் கவரில் தொடங்கியிருக்கலாம், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் சீலில் தொடங்கியிருக்கலாம். முதலில் இன்ஜினை டிகிரீசர் போட்டுச் சுத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகமுள்ள இடங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள், அப்புறம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதலில் கறுக்கிற இடம்தான் கசிவு தொடங்கும் இடம். ஆயிலில் கலக்கும் சாயமும் யுவி விளக்கும் இருந்தால் இன்னும் நல்லது.

சீல் மாற்றியும் எல்லா இடத்திலும் கசிகிறதென்றால் இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி எண்ணெய் வரும்.

கேம் கேரியரில் சிலிக்கான் அப்புவது

கேம் ஷாஃப்ட்டைப் பிடித்து நிற்கும் கேம் கேரியருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கெட் கிடையாது. காற்று படாத இடத்தில் இறுகும் அனரோபிக் சீலன்ட்டை மெல்லிய படலமாகப் பூசி மூட வேண்டும். கையில் இருக்கிற சிலிக்கானைத் தாராளமாகப் பிதுக்கினால் இரண்டு கெடுதல். தடிமன் கூடி கேம் பேரிங்கின் இடைவெளி மாறும். உள்ளே பிதுங்கியது எண்ணெய் போகும் துளைகளை அடைக்கும். வெளிக்கசிவு நின்றுவிட்டதே என்று மகிழ்ந்தவர்கள், கேம் ஷாஃப்ட் தேய்ந்த பிறகுதான் காரணத்தைத் தேடினார்கள்.

ஆயில் மூடியில் வெண்ணெய் மாதிரி இருந்தால் கேஸ்கெட் போச்சு என்பது

குளிர்காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் அது வரத்தான் செய்யும், வெறும் ஈரப்பதம். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட்டின் டப்பாவில் பழுப்பாகக் குழம்பு மிதந்தால் கவலைப்படுங்கள். கூலன்ட் குறைகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றால் முதலில், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் இன்லெட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், சிலிண்டரில் எரிந்த வாயு கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவத்தைக் கொண்டு பார்த்துவிடுங்கள். மலிவான சோதனை.

லைனர் உயரத்தை அளக்காமல் ஹெட்டை மாட்டுவது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த இன்ஜினை அடுக்குச் சட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஹெட், நடுவில் பிளாக், அடியில் ஆயில் ரெயில். ஏறக்குறைய ஒரு முழ நீளமுள்ள பத்து போல்ட்டுகள் மேலிருந்து கீழ்வரை போய் அத்தனையையும் சேர்த்து இறுக்குகின்றன. பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்களான சிலிண்டர் லைனர்கள் பிளாக்கின் பாதி ஆழத்தில் உள்ள ஒரு படியில் உட்கார்ந்திருக்கின்றன. மேல்பாதியைச் சுற்றிலும் தண்ணீர். போல்ட் இறுகும்போது ஹெட்டுக்கும் லைனரின் மேல் விளிம்புக்கும் நடுவே கேஸ்கெட்டின் வளையம் நசுங்க வேண்டும். அப்படி நசுங்குவதால்தான் எரியும் வாயு வெளியே போகாமல் நிற்கிறது. அதற்கு லைனர், பிளாக்கின் முகத்தைவிட மயிரிழை அளவுக்கு மேலே நிற்க வேண்டும். எனக்கு 0.05 மி.மீ.க்குக் குறைந்தால் திருப்தி இல்லை, 0.1 மி.மீ. வரை இருந்தால் நிம்மதி. நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும்.

வண்டி ஒருமுறை நன்றாகச் சூடேறினால் லைனர் உட்கார்ந்திருக்கும் அந்தப் படியே அமுங்கிவிடலாம். லைனர் கீழே இறங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையுள்ள கேஸ்கெட்டைப் போட்டாலும் அந்த சிலிண்டரில் அதற்குப் பிடிமானம் இல்லை. சில மாதம் தாங்கும், அப்புறம் போகும்.

நான் செய்தது என்ன? நகத்தால் தடவிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று மூடினேன். லைனருக்கும் பிளாக்கின் முகத்துக்கும் நடுவே தண்ணீர் ஓடும் பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தாண்டி நகம் எதைச் சொல்லும்? ஐந்து மாதத்தில் வண்டி திரும்ப வந்தது. இரண்டாவது முறை பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டேன். அதுவும் போனது. வண்டிக்காரர் இரண்டு முறையும் காசு செலவழித்தார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது. மூன்றாவது முறை, லேத் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் நேரான ஸ்டீல் பட்டையை லைனர்மேல் குறுக்கே நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். முதல் இரண்டு லைனரிலும் இருட்டு. மூன்றாவதில் பட்டைக்கு அடியில் நூல் மாதிரி வெளிச்சம் தெரிந்தது. கழற்றிப் போட்ட பழைய கேஸ்கெட்டை எடுத்துக் காட்டினார். மற்ற மூன்று வளையங்களும் நசுங்கிப் பளபளத்தன. மூன்றாவது வளையம் புதிது மாதிரியே இருந்தது. பதில் முதல் நாளிலிருந்தே குப்பைத்தொட்டியில் கிடந்திருக்கிறது.

ஆகவே பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். லைனர்களை கிளாம்ப் போட்டு அமுக்கி வைத்துக்கொண்டு, டயல் கேஜால் ஒவ்வொன்றையும் இரண்டு இடத்திலாவது அளந்து எழுதி வையுங்கள். ஒன்று இறங்கியிருந்தாலும் கேஸ்கெட் வாங்கப் போகாதீர்கள். அது பிளாக் வேலை: லைனரை எடுத்துப் படியைச் சரிசெய்ய வேண்டும், அல்லது பிளாக்கின் மேற்பகுதியில் தாங்கி நிற்கும் விளிம்புள்ள லைனர் போட வேண்டும்.

ஹெட்டைச் சீவினால் போதும் என்பதும் இதே தவறின் இன்னொரு முகம். அதிகம் சூடேறிய அலுமினிய ஹெட் இளகி மென்மையாகிவிடும். சீவினால் மட்டம் வரும், கடினம் திரும்ப வராது. லைனர் விளிம்பு மறுபடி அதில் குழி போடும். மெஷின் பட்டறையில் கடினத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டியிலும் அளந்தோம். இரண்டாவது லைனர் 0.03 மி.மீ. கீழே.

ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்றுவது

கிராங்க் என்பது பிஸ்டன்களோடு இணைந்த தண்டு. லைனர்களை அமுக்கும் கிளாம்ப் இல்லாமல் அதைச் சுற்றாதீர்கள். லைனர் எழும்பினால் அடியில் உள்ள சீலும் போகும், தண்ணீர் சம்புக்கு வரும்.

180 டிகிரிக்குப் பயப்படுவது

ஹெட் போல்ட்டுகளை முறுக்குவது இப்படி: 20 நியூட்டன் மீட்டர், பிறகு 180 டிகிரி, பிறகு இன்னொரு 180. நடுவிலிருந்து வெளியே. பாதியில் பயந்து நிறுத்தாதீர்கள்.

காற்றை உள்ளே விட்டு மூடுவது

எம்ஜிஎஃப்பில் ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால். நடுவே வண்டியின் அடியில் நீளமான குழாய்கள். மொத்தத் தண்ணீரில் இன்ஜினுக்குள் நிற்பது கொஞ்சம்தான். எங்காவது காற்று அடைத்துக்கொண்டால் ஹெட் சூடேறிவிடும், டேஷ்போர்டு முள்ளோ நடுவிலேயே நிற்கும். ரேடியேட்டரிலும் ஹீட்டர் குழாயிலும் உள்ள பிளீட் திருகுகளைத் திறந்து, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை பொறுமையாக நிரப்புங்கள்.

ஓட்டிப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க நிறுத்தி வையுங்கள். மறுநாள் காலை, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது கூலன்ட் மூடியை மெதுவாகத் திறங்கள். உஸ்ஸென்று அழுத்தம் வெளியேறினால் எரிந்த வாயு இன்னும் கசிகிறது. சாவியை உரிமையாளரிடம் கொடுக்காதீர்கள்.