கட்டியை ஒடுக்கும் கொழுப்புத் திசு ஸ்டெம் செல்: ஆய்வகச் செய்முறை

கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் தானாகவே புற்றுநோய்க் கட்டியை அடக்கிவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். அது சுரக்கும் ஐஎல்-6, விஇஜிஎஃப் போன்ற வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் கட்டிக்கே தீனியாகலாம். கட்டியை நாடிப் போகும் அதன் குணத்தை வைத்து, மருந்தை அங்கேயே தயாரிக்கும் மரபணு ஒன்றைச் சுமக்க வைப்பதுதான் உருப்படியான வழி. 2007இல் ஸ்லோவாக்கிய ஆய்வாளர்கள் கையாண்டது ஈஸ்டின் சைட்டோசின் டிஅமினேஸ் நொதி. நச்சு குறைந்த 5-ஃப்ளூரோசைட்டோசினை அது 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தாக மாற்றும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கொடையாளரின் ஒப்புதலும் பெற்ற லைப்போசக்ஷன் (உறிஞ்சி எடுத்த) கொழுப்பை, கீழே தங்கும் நீரில் சிவப்பு மறையும்வரை பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கழுவுங்கள். திசுவைக் கரைக்கும் நொதியான கொலாஜினேஸை (வகை 1, 0.075%) சம அளவு சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் குலுக்குங்கள். நேரம் குறைந்தால் செல்கள் கொழுப்போடு சேர்ந்து மேலேயே மிதக்கும். மிஞ்சினால் மேற்பரப்புப் புரதங்கள் அறுபடும், செல்களும் சாகும். 10% சீரம் கலந்த டிஎம்இஎம் என்ற செல் வளர்ப்பு ஊடகத்தை ஊற்றி நொதியை நிறுத்தி, 1200 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றுங்கள். எண்ணெயை மேலிருந்து உறிஞ்சி எடுங்கள். கவிழ்த்து ஊற்றினால் அது அடியில் படிந்த செல்களில் ஒட்டிக்கொள்ளும், பிறகு செல் தட்டில் பிடிக்காது. 160 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடில் 10 நிமிடம் வைத்தால் சிவப்பணுக்கள் உடையும். மீண்டும் சுழற்றி, 100 மைக்ரான் வலையில் வடிகட்டி வளர்க்கலாம்.

ஸ்டெம் செல்லை அடையாளம் காட்டும் மேற்பரப்புப் புரதங்களான சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் 95 சதவீதச் செல்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரத்தச் செல்லின் அடையாளமான சிடி45 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தொடக்கத்தில் சிடி34 தெரிந்தால் பதற வேண்டாம், வளர்ப்பில் அது மங்கிவிடும்.

வைரஸ் வழியே மரபணுவை ஏற்றிய பின், 96 குழித் தட்டில் குழிக்கு 5000 கட்டிச் செல், 500 ஸ்டெம் செல் என்று தொடங்குங்கள். மறுநாள் 5-ஃப்ளூரோசைட்டோசின், மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். அதற்கும் முன்பு அந்தக் கட்டிச் செல் நேரடி 5-ஃப்ளூரோயுராசிலுக்குச் சாகிறதா என்று பாருங்கள். எதிர்ப்புள்ள செல்லில் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காது.

அதிகம் ஏமாற்றுவது, உயிருள்ள செல்லை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனை. இருவகைச் செல்லையும் அது சேர்த்தே எண்ணும். அதனால் கட்டிச் செல்லில் மட்டும் ஒளி உமிழச் செய்யும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவை ஏற்றி ஒளியை அளவிடுங்கள். ஒப்பீட்டுக் குழிகளில் மூன்றை விடவே கூடாது: மருந்து (5-ஃப்ளூரோசைட்டோசின்) மட்டும் இட்ட கட்டிச் செல், மரபணு ஏற்றாத ஸ்டெம் செல்லும் மருந்தும், மரபணு ஏற்றியும் மருந்து இடாதது. கடைசிக் குழியில் கட்டிச் செல் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகினால், தொடக்கத்தில் சொன்ன தீனி வேலை நடக்கிறது என்று பொருள்.

எலிக்குப் போகும்போது சிரை (இரத்தக்குழாய்) வழி ஊசியில் பெரும்பகுதிச் செல் நுரையீரலில் சிக்கும். முதல் சோதனையில் கட்டிச் செல்லோடு கலந்து தோலடியில் செலுத்துவதே எளிது.