புது வீட்டுக்குப் போறீங்களா? கரண்ட், தண்ணி, கேஸ், இன்டர்நெட்: எதை எப்ப பண்ணணும்

சிங்கப்பூர்ல யீஷூன் பழைய பிளாக்ல வாடகைக்கு இருந்துட்டு செங்காங்ல ரீசேல் ஃபிளாட் வாங்கிப் போனோம். பால் காய்ச்ச நல்ல நேரம் காலையில அஞ்சரை மணி. அத்தை குத்துவிளக்கு ஏத்தி, பானைக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, பாலையும் ஊத்திட்டு என் முகத்தைப் பாக்குறாங்க, அடுப்புல கேஸ் இல்ல. கடைசில எதிர் வீட்டு மலாய் ஆன்ட்டிகிட்ட மேசை மேல வச்சு சமைக்கிற ஸ்டீம்போட் அடுப்ப கடன் வாங்கி அதுலதான் பால் பொங்குச்சு. ஏன் அப்படி ஆச்சுன்னு கீழ சொல்றேன். முதல் தடவை வீடு மாறுறவங்களுக்காக நான் பண்ணுன வரிசையையும், பண்ணியிருக்க வேண்டிய வரிசையையும் கலந்து எழுதுறேன்.

1. எஸ்பி அக்கவுண்ட்

எங்க அம்மா இன்னைக்கும் "பியூபி பில் வந்துருச்சா"ன்னுதான் கேப்பாங்க. 1995 வரைக்கும் கரண்ட், கேஸ், தண்ணி மூணையும் பியூபிங்கற அரசாங்க வாரியமே பாத்துக்கிச்சு, அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு, ரூம் வாடகை விளம்பரத்துல கூட "பியூபி இன்க்ளூசிவ்"னுதான் போடுவாங்க. இப்ப தண்ணி மட்டும்தான் பியூபி. ஆனா கரண்டுக்கும் தண்ணிக்கும் அக்கவுண்ட் திறக்குறது எஸ்பிங்கற கம்பெனிகிட்ட. சிங்பாஸ் (அரசாங்க சேவைக்கு லாகின் பண்ற கணக்கு) வச்சு ஆன்லைன்லயே முடிச்சுரலாம், வாடகை வீடுன்னா டெனன்சி அக்ரிமென்ட் ஸ்டாம்ப் பண்ணுனது கையில இருக்கட்டும், ஒரு டெபாசிட்டும் கேப்பாங்க.

இதுல கவனிக்க வேண்டியது தேதிதான். சாவி வாங்குற நாளும் அக்கவுண்ட் ஆரம்பிக்கிற நாளும் ஒண்ணா இருக்கணும். முன்னாடி இருந்தவங்க அக்கவுண்ட மூடிட்டு, நீங்க ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தீங்கன்னா நடுவுல இருட்டுல பெட்டிய உருட்டிக்கிட்டு கிடக்கணும். பழைய வீட்டு அக்கவுண்ட அவசரப்பட்டு மூடாதீங்க, வீட்டைக் கழுவிக் குடுக்குற அன்னைக்கு வரைக்கும் தண்ணி வேணும்ல.

2. கேஸ் (இத முதல்லயே ஆரம்பிங்க)

கரண்டும் தண்ணியும் ஆன்லைன்ல முடியுற வேலை. கேஸுக்கு ஒரு ஆள் நேர்ல வந்து, கசிவு இருக்கான்னு பாத்து, அடுப்ப எரிய வச்சுக் காட்டிட்டுப் போகணும், அந்த நேரம் வீட்டுல நீங்களும் இருக்கணும். அதனால பால் காய்ச்ச நாள் குறிச்ச உடனே குழாய் கேஸ் குடுக்குற சிட்டி எனர்ஜி கம்பெனிகிட்ட அப்பாயின்ட்மென்ட் போடுங்க. நல்ல நாளுக்கு முந்தின நாள் வேணாம், நாலு அஞ்சு நாள் முன்னாடி போடுங்க. ஏதாவது தப்பாப் போனா சரி பண்ண டைம் வேணும்.

எனக்குத் தப்பாப் போனது இதான். யீஷூன் வீட்டுல குழாய் கேஸ் கிடையாது, சிலிண்டர். அடுப்பு நல்லாத்தான இருக்கு, எதுக்குப் புதுசுன்னு அதையே செங்காங்குக்குத் தூக்கிட்டு வந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வந்த கேஸ் அங்கிள் அடுப்பத் திருப்பி அடியில இருந்த ஸ்டிக்கரப் பாத்தாரு, தலைய ஆட்டுனாரு. "இது எல்பிஜி அடுப்பு, இங்க வர்றது டவுன் கேஸ், கனெக்ஷன் குடுக்க முடியாது"ன்னுட்டாரு. "அங்கிள், நாளைக்குக் காலையில பூஜை"ன்னேன். பாவமாத்தான் பாத்தாரு, ஆனா குடுக்கல. குடுக்காததுதான் சரி.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா, டவுன் கேஸ் ஃபேக்டரியில தயாரிச்சு குழாய்ல வர்றது, அதுல பாதிக்குப் பாதி ஹைட்ரஜன். எல்பிஜி சிலிண்டர்ல வர்றது, அதே அளவு கேஸுக்கு ரொம்ப அதிகமா சூடு குடுக்கும். அதனால எல்பிஜி அடுப்புல கேஸ் வர்ற ஓட்டை சின்னதா இருக்கும், டவுன் கேஸ் அடுப்புல பெருசா இருக்கும். மாத்தி மாட்டுனா, எல்பிஜி அடுப்புல டவுன் கேஸ் வந்து தீ சின்னதா மினுக்கும், இல்ல டவுன் கேஸ் அடுப்புல எல்பிஜி வந்து தீ ரொம்ப உயரமா எழும்பும், ரெண்டாவதுதான் ஆபத்து. உரிமம் உள்ள கேஸ் ஆள் ஓட்டைய மாத்திக் குடுப்பாரு, எல்லா மாடலுக்கும் முடியாது. நீங்களே ஸ்க்ரூடிரைவர் எடுத்துறாதீங்க. புது அடுப்பு வாங்கப் போனா கடையில வாயத் திறந்து முதல்ல கேக்க வேண்டியது "இது டவுன் கேஸா எல்பிஜியா". வீட்டுல கேஸ் குழாய் இருக்கான்னு அதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க.

3. சாவி வாங்குன அன்னைக்கு

உள்ள போனதும் சோபா எங்க போடலாம்னு அளக்காதீங்க, முதல்ல வெளிய வந்து மீட்டரப் பாருங்க. கரண்ட் மீட்டர் பெரும்பாலும் காரிடார்ல ஒரு அலமாரிக்குள்ள இருக்கும், தண்ணி மீட்டரும் வாசல் பக்கத்துலயே. யூனிட் நம்பர் எழுதியிருக்கும், பக்கத்து வீட்டு மீட்டரப் படம் புடிச்சிட்டு வந்த ஆளு நான். ரெண்டையும் தேதியோட ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க. ஏன்னா நேர்ல வந்து மீட்டர் பாக்குறது ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான், நடுவுல வர்ற பில் எஸ்டிமேட். ஸ்மார்ட் மீட்டர் போட்ட வீட்டுக்குத்தான் இந்தத் தொல்லை இல்ல. எஸ்டிமேட் அதிகமா இருக்குன்னு தோணுச்சுன்னா எஸ்பி ஆப்புல நாமளே ரீடிங் அனுப்பலாம்.

அடுத்து தண்ணி கசியுதான்னு ஒரு டெஸ்ட். எல்லாக் குழாயையும் மூடிட்டு தண்ணி மீட்டரப் பாருங்க, முள்ளு சுத்திக்கிட்டே இருந்தா எங்கயோ ஒழுகுது, பெரும்பாலும் டாய்லெட் ஃப்ளஷ்தான். ஒழுகுறது சின்ன விஷயம்னு விட்டுறாதீங்க, கணக்குப் போட்டுக் காட்டுறேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு லிட்டர்னா ஒரு நாளைக்கு 720 லிட்டர், மாசத்துக்கு 21,600. 2025 ஏப்ரல்ல இருந்து ஆயிரம் லிட்டர் தண்ணி 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாசம் 40 ஆயிரம் லிட்டர் வரைக்கும். ஆக கிட்டத்தட்ட 70 வெள்ளி, ஒரு சொட்டு குடிக்காம.

உள்ள வந்து ஃப்யூஸ் பாக்ஸத் திறந்து டெஸ்ட்னு போட்ட பட்டன அமுக்கிப் பாருங்க, டக்குனு கரண்ட் கட் ஆகணும். ஷாக் அடிக்காமக் காப்பாத்துறது கரண்ட வெட்டுற அந்த சுவிட்ச்தான். 1985 ஜூலைக்கு முன்னாடி கட்டுன சில வீடுகள்ல அது இல்லாம இருந்துச்சு, 2025 ஜூலை 1-க்குள்ள மாட்டணும்னு சட்டமே போட்டாங்க. பட்டனே காணோம்னா, இல்ல அமுக்கியும் கட் ஆகலைன்னா, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க.

4. கரண்ட் யார்கிட்ட வாங்குறது

ஒண்ணும் பண்ணலைன்னா எஸ்பி ரேட்டுலயே ஓடும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரேட் மாறும். 2018 நவம்பர்ல இருந்து ஏரியா ஏரியாவா வேற கம்பெனிகிட்டயும் வாங்கிக்கலாம்னு திறந்து விட்டாங்க. கம்பி அதேதான், கரண்ட் அதேதான், ரேட்தான் வேற. ஃபிக்ஸட் பிளான்னா ஒப்பந்தம் முடியுற வரைக்கும் ஒரே ரேட், இன்னொண்ணு எஸ்பி ரேட்டுல இருந்து இத்தனை சதவீதம் கழிவு. என் யோசனை, முதல் ரெண்டு பில் வரட்டும், ஏர்கான் எவ்வளவு இழுக்குதுன்னு தெரிஞ்சதும் முடிவு பண்ணுங்க. வாடகைக்கு இருக்கறவங்க பாதியில விட்டா எவ்வளவு அபராதம், வீடு மாறுனா பிளானக் கூடவே கொண்டு போகலாமான்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

5. இன்டர்நெட்

சுவத்துல ஒரு சின்ன வெள்ளப் பெட்டி இருக்கும், ஃபைபர் வர்ற இடம், நெட்லிங்க் போட்டது. எந்தக் கம்பெனி பிளான் எடுத்தாலும் லைன் அதுல இருந்துதான் வரும். ரீசேல் வீட்டுல இதத் தேடிக் கண்டுபிடிக்கிறது தனி வேலை, எங்க வீட்டுல டிவி கேபினட்டுக்குப் பின்னாடி பலகை வச்சு மூடியிருந்தாங்க. ரெனவேஷன் காண்ட்ராக்டர் வர்றதுக்கு முன்னாடியே அது எங்கன்னு பாத்து அவருக்குக் காட்டிருங்க, பெட்டிய நகத்தவோ அறுந்த ஃபைபர சரி பண்ணவோ தனிக் காசு. ரெண்டு வருஷக் காண்ட்ராக்ட் இன்னும் முடியலைன்னா புதுசு எடுக்காதீங்க, அட்ரஸ் மாத்தித் தரச் சொல்லுங்க.

6. மிச்சம் மீதி

பேங்க்ல இருந்து பில் காசு தானாக் கழியுற ஜைரோ போட்டுருங்க, மறந்து போய் லேட் ஆகுற கதை வேணாம். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்காரங்க டவுன் கவுன்சிலுக்குத் தனியா பராமரிப்புக் கட்டணம் கட்டணும், அது எஸ்பி பில்லுல வராது. வீடு மாறி 28 நாளைக்குள்ள ஐசி (அடையாள அட்டை) அட்ரஸ ஆன்லைன்ல மாத்திருங்க, சட்டம் அப்படி. தகுதி உள்ள சிங்கப்பூரர் வீவக வீடுன்னா யூ-சேவ்ங்கற அரசாங்கத் தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்ல எஸ்பி அக்கவுண்ட்லயே கழியும், தனியா மனு போட வேண்டியதில்ல.

பழைய வீட்டுச் சாவியத் திருப்பிக் குடுக்குற அன்னைக்கும் மீட்டர ஒரு ஃபோட்டோ எடுங்க. கடைசி பில் கழிச்சு டெபாசிட் மிச்சம் வர வேண்டியிருக்கும், எந்த பேங்க் அக்கவுண்ட்டுக்குன்னு மூடும்போதே சொல்லிருங்க.