போட் மோட்டாருக்கு டிவிஎஸ் 50 கணக்கு செல்லாது

தண்ணி இல்லாத ஆறுன்னு ஊரே கிண்டல் பண்ற பாலாத்தங்கரைல உக்காந்துகினு இவன் போட் மோட்டாருக்கு பெட்ரோல் எப்படி போடறதுன்னு எழுதறான் பாருன்னு நெனைப்பீங்க, பரவால்ல நெனைச்சிக்கோங்க. 2021 நவம்பர்ல இதே பாலாறு ரெண்டு கரையும் முட்டி ஓடுச்சி, அப்போ ரப்பர் போட்டு பின்னாடி மாட்டியிருந்த மோட்டார நம்ம ஜனங்க வாய பொளந்துகினு பாத்தாங்க. ஏரி ரொம்புற வருஷம் மீன் குத்தகை எடுக்கறவங்க சில பேரு இப்ப அதே மாதிரி மோட்டார் வாங்க ஆரம்பிச்சிட்டாங்க, என் மச்சானும் அதுல ஒருத்தன்.

பழவேற்காடு பக்கம் போயி செகண்ட் ஹேண்ட்ல 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் மோட்டார் (பெட்ரோல்லயே ஆயில் கலந்து எரிக்கற வகை) ஒண்ணு தூக்கிகினு வந்தான், புக்கு கிடையாது, ஸ்டிக்கரும் தேஞ்சி போச்சி. நாலாவது மாசம் அது என் பட்டறைக்கு வந்துடுச்சி. கயிறு இழுத்தா அசையல. ஹெட்ட கழட்டி பாத்தா பிஸ்டன் தலைல வெள்ளையா சாம்பல் கெட்டியா படிஞ்சி கீது, புகை வெளிய போற ஓட்டை (எக்ஸாஸ்ட் போர்ட்) பக்கம் பிஸ்டன் ஓரத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் நகத்தால பிராண்டின மாதிரி கோடு. "இன்னா மாமா, காஸ்ட்லி ஆயில் தானே போட்டேன், ஆர்எக்ஸ் பைக்குக்கு போடறது"ன்றான். அங்க தான் தப்பே.

டூ ஸ்ட்ரோக்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்கறது தான் எங்க ஊரு வியாதி. பைக் இன்ஜின் காத்துல ஆறுது, சிலிண்டர் கொதிக்குது, அந்த சூட்டுல ரிங்கு பள்ளத்துல கரி ஒட்டாம இருக்கணும்னு பைக் ஆயில்ல உலோக உப்பு சேர்ந்த டிடர்ஜென்ட் போடுவாங்க, ஜாசோ எஃப்சி எஃப்டின்னு தர முத்திரை டப்பா மேல போட்டிருக்குமே அது அந்த வகை. போட் மோட்டார் அப்படி இல்ல, வெளிய இருக்கற தண்ணிய உறிஞ்சி தன்ன ஆத்திக்கும், பாதி மோட்டாருங்க 50-60 டிகிரி கிட்டயே தான் ஓடும். ஆனா பைக் மாதிரி சிக்னல்ல நின்னு மூச்சு வாங்கறது எல்லாம் கிடையாது, அக்சிலேட்டர் திருகினா திருகினபடியே அரை மணி நேரம் முழு வேகத்துல போவும். அந்த ஓட்டத்துல பைக் ஆயில்ல இருக்கற உலோகம் எரியாம சாம்பலா பிஸ்டன் மேல ஒக்காந்து கங்கு மாதிரி தகதகன்னு இருக்கும், ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல பத்த வெச்சிடும், சில சமயம் பிஸ்டன்ல ஓட்டையே விழுந்துடும். அதனால தான் போட்டுக்குன்னு சாம்பல் விடாத ஆயில் தனியா விக்கறாங்க, டப்பால டிசி-டபிள்யூ3ன்னு போட்டிருக்கும். அந்த எழுத்து இல்லன்னா எவ்ளோ விலை ஆயிலா இருந்தாலும் கீழ வெச்சிடுங்க. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில் ஊத்தறவங்களும் கீறாங்க, அது எரியறதுக்கு செஞ்ச ஆயிலே இல்ல, பிளக்க கரி பண்ணி வெச்சிடும்.

அடுத்தது அளவு. பழைய டிவிஎஸ் எக்ஸ்.எல்.லுக்கு மூடி மூடியா ஊத்தி பழகின கை, கலர் பாத்து "ம், நீலமா வந்துடுச்சி போதும்"னு விட்டுடும். கலர் வெறும் சாயம், ஒரு கம்பெனி ஆயில் பத்து சொட்டுலயே கலர் காட்டும் இன்னொண்ணு காட்டாது. 50:1ன்னா பெட்ரோல் 50 பங்குக்கு ஆயில் 1 பங்கு, லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் டேங்குக்கு 400 மில்லி. 100:1ன்னா அதுல பாதி. மாடல் நம்பர வெச்சி மோட்டாருக்கு எந்த அளவுன்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, 100:1 மோட்டாருக்கு 50:1 போட்டா புகை தான் வரும், 50:1 மோட்டாருக்கு 100:1 போட்டா இழுத்துட்டு என்கிட்ட தான் வரணும். மச்சான் போட்டது அந்த ரெண்டாவது கணக்கு, ஆயில் வகையும் தப்பு அளவும் பாதி. சரி அப்போ பயத்துல தாராளமா ஊத்துவோம்னா அதுவும் ஆவாது, கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை (ஜெட்டு) வழியா போற அளவுல ஆயில் எடத்த புடிச்சிக்கும், பெட்ரோல் கம்மியாயி இன்ஜின் காய்ஞ்சி ஓடும். மருந்து கொடுக்கற மில்லி கப்பு ஒண்ணு வாங்கி கேன் கழுத்துலயே கட்டி தொங்க விடுங்க. மொத்த ஆயில ரெண்டு மூணு லிட்டர் பெட்ரோல்ல ஊத்தி குலுக்கி அப்பால மீதி பெட்ரோல் ஊத்துங்க, இல்லன்னா அடில ஆயில் மேல பெட்ரோல்னு நிக்கும். ஆயிலுக்குன்னு தனி டேங்க் இருந்து தானே கலந்துக்கற மோட்டாரா இருந்தா கேன்ல கலக்க வேணாம்.

இப்ப பெட்ரோலுக்கு வரேன். 2025லேர்ந்து பெட்ரோல் பங்க்ல சாதா பெட்ரோல்னு வாங்கறது ஈ20, நூத்துல இருபது எத்தனால். போட் மோட்டார் புக்குங்க பெரும்பாலும் பத்துக்கு மேல வேணாம்னு சொல்லும். சந்தேகம் இருந்தா ஒல்லியான கண்ணாடி பாட்டில்ல 10 மில்லி தண்ணி ஊத்தி கோடு போட்டு, மேல 90 மில்லி பெட்ரோல் ஊத்தி குலுக்கி வெச்சி பாருங்க (பீடி புடிச்சிகினு பண்ணாதீங்க), கீழ இருந்த கோடு 30 மில்லி கிட்ட ஏறி நிக்கும், எத்தனால் தண்ணியோட போயி சேர்ந்துகிச்சுன்னு அர்த்தம். இதே வேலை ஏரிக்கரைல நிக்கற டேங்குலயும் நடக்கும். பைக்குல வாரத்துக்கு ஒரு தரம் பெட்ரோல் தீந்துடும், போட் டேங்க்ல ரெண்டு மாசம் கிடக்கும், வெயில்ல காயும், ராத்திரி ஈரத்த இழுக்கும். கொஞ்சம் தண்ணி வரைக்கும் எத்தனால் கரைச்சி வெச்சிக்கும், அளவு மீறிச்சோ ரெண்டும் சேர்ந்து அடிக்கு எறங்கிடும். நீங்க கலந்த ஆயில் மேல பெட்ரோலோடயே நின்னுடும், ஆனா டேங்க் குழாய் உறிஞ்சறது அடிலேர்ந்து, அப்போ இன்ஜினுக்குள்ள போறது ஆயிலே இல்லாத தண்ணி கலந்த சரக்கு. அதோட பழைய ரப்பர் ஓஸு, கைல அமுக்கற பம்ப் பல்பு எல்லாம் ஊறி பிசுபிசுன்னு ஆயிடும், மச்சானோடத அமுக்குனா கைல கறுப்பா ஒட்டுச்சி. எத்தனால் தாங்கற ஓஸு மாத்தி, தண்ணி பிரிக்கற ஃபில்டர் ஒண்ணு நடுவுல போட்டுட்டா பாதி தலைவலி போவும். ரெண்டு மூணு வாரத்துல தீர்ற அளவுக்கு மட்டும் கலந்துக்கோங்க. ஆக்டேன் 100 பெட்ரோல் போட்டா வேகம் ஏறும்னு எவனாவது சொன்னா சிரிச்சிட்டு வந்துடுங்க, ஆக்டேன்ன்றது அழுத்தத்துல தானா பத்திக்காம தாங்கற அளவு தான், இந்த சின்ன மோட்டார் கம்ப்ரஷனுக்கு அவ்ளோ தேவையே இல்ல.

மண்ணெண்ணெய் மோட்டார பாத்துட்டு பெட்ரோல் மோட்டார்ல மண்ணெண்ணெய் கலக்கறதும் நடக்குது. அது கம்ப்ரஷன் கொறச்சி செஞ்ச வேற மோட்டார், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மாத்துவாங்க. நம்மளோடதுல கலந்தா டொக்கு டொக்குன்னு அடிக்கும்.

அடிட்டிவ்னு ஒரு பாட்டில் நீட்டுவாங்க. பெட்ரோல் சீக்கிரம் கெடாம வெக்கற ஸ்டெபிலைசர் மட்டும் நெஜமாவே வேலை செய்யும், ஆனா புது பெட்ரோல்ல ஊத்தினா தான், வார்னிஷ் வாசன அடிக்கற பழசுல ஊத்தி பிரயோஜனம் இல்ல, செத்தவன் வாய்ல மருந்து ஊத்தற கதை தான். தண்ணிய எடுக்கும்னு விக்கறதுல பல பாட்டில் வெறும் ஆல்கஹால், ஏற்கனவே இருபது இருக்கறதுல இன்னும் ஊத்தி இன்னா ஆவப்போவுது. பாச்சா உருண்டை போடறவங்களுக்கு தனியா சொல்றேன்: நாஃப்தலின் உருண்டையா இருந்தா பெட்ரோல் ஆவியாக ஆவியாக கார்புரேட்டர்ல உப்பு மாதிரி கட்டி ஜெட்ட அடைக்கும், இப்ப கடைல கெடைக்கற பாதி உருண்டைல குளோரின் கீது, எரிஞ்சா ஆசிட் தான். விளக்கெண்ணெய் அந்த காலத்து ரேஸ் வண்டில ஊத்தினது உண்மை, ஒவ்வொரு ரேஸுக்கும் இன்ஜின கழட்டி சுத்தம் பண்ணாங்கன்றதும் உண்மை.

சீசன் முடிஞ்சா டேங்க காலி பண்ணி, கார்புரேட்டர் கீழ இருக்கற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி வடிச்சிடுங்க. சில பேரு ஓஸ புடுங்கிட்டு இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுவாங்க, எனக்கு அது புடிக்காது, கடைசி நேரத்துல பெட்ரோலோட ஆயிலும் நின்னு போவுது இல்ல.

மச்சானோட மோட்டார்ல சிலிண்டர கடைஞ்சி (போர் பண்ணி) கொஞ்சம் பெரிய சைஸ் பிஸ்டன் போட்டு அனுப்பினேன். போவும்போது மிச்சம் இருக்கற டிசி-டபிள்யூ3ய வீட்ல இருக்கற மருந்தடிக்கற பவர் ஸ்ப்ரேயருக்கு ஊத்திக்கறேன் மாமான்னான். ஊத்தாத. அது காத்துல ஆறுற இன்ஜின், அந்த சூட்டுக்கு இந்த ஆயில் தாங்காது, ரிங்கு ஒட்டிக்கும், அதுக்கு மொதல்ல வாங்கின ஆர்எக்ஸ் ஆயில் தான் சரி. போட் டப்பா மேல மார்க்கர்ல "ஏரி"ன்னு எழுதி கைல குடுத்தேன்.