மலை ஊரில் சிறுவர் ஹாக்கிப் போட்டி நடத்துவது எப்படி? கோத்தகிரியை வைத்து ஒரு செய்முறை

2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் நீலகிரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளிடமும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: நம் ஊரிலேயே சின்னதாக ஒரு போட்டி வைத்தால் என்ன? தாராளமாக வைக்கலாம். ஆனால் ஹாக்கிக்குப் பெயர்போன சமவெளி ஊரான கோவில்பட்டியில் நடத்துவது போல இங்கே நடத்த முடியாது. மைதானம் சிறியது, பாதை வளைவானது, வானிலை மதியத்துக்கு மேல் சொன்ன பேச்சு கேட்காது. இதுவரை எந்தப் போட்டியும் நடத்திப் பழகாதவர்களுக்காக, கோத்தகிரியை உதாரணமாக வைத்து வரிசையாகச் சொல்கிறேன். குன்னூர், கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து மணி நேரம் வேனில் உட்கார்ந்து, வழியில் வாந்தியெடுத்து மலையேறி வரும் பிள்ளை, ஒரே ஆட்டத்தில் தோற்று இறங்கிப் போகக் கூடாது. ஆகவே தோற்றால் உடனே வெளியேறும் நாக்-அவுட் முறை வேண்டாம். கீழே சொல்லியிருக்கும் தேதி, களம், அட்டவணை எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவைதான்.

படி 1: தேதி

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை மண்சரிவு, சாலை அடைப்பு, மலை ரயில் ரத்து எல்லாம் சகஜம். அந்த மாதங்களைத் தொடவே வேண்டாம். ஏப்ரல், மே சீசன். அறை வாடகை ஏறிவிடும், குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து வந்துவிடும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டி அளவுக்கு இங்கே அடிக்காது என்றாலும், ஜூலை, ஆகஸ்டில் மேற்கிலிருந்து வரும் அணிகளுக்குப் பயணம் கஷ்டம்.

மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி. பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு, பிப்ரவரி நடுப்பகுதிக்குள் ஒரு சனி, ஞாயிறு பாருங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, அதற்கு முன்பே செய்முறைத் தேர்வு என்பதால் பெரிய வகுப்புப் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள். முதல்முறை நடத்துபவர்கள் 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவை எடுத்துக்கொள்வது நல்லது. தேதி முடிவானதும் குறைந்தது மூன்று மாதம் முன்பே அணிகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

படி 2: மைதானத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள்

முழு ஹாக்கிக் களம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். மலை ஊரில் அவ்வளவு சமதளம் கிடைப்பது அபூர்வம். ‘பெரிய மைதானம்தான்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள். டேப் பிடித்து அளந்து, தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

விளிம்பு போக 80-க்கு 50 மீட்டர் கிடைத்தால் போதும். அதைக் குறுக்காகப் பிரித்து, 50 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் உள்ள இரண்டு களம் போடலாம். நடுவில் 6 மீட்டர் இடைவெளி இருக்கும். அணிக்கு ஏழு பேர், மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் பந்தையே தொடாமல் ஓரத்தில் நிற்கும் பிள்ளை கூட, ஏழு பேர் ஆட்டத்தில் அடிக்கடி பந்தைத் தொடும். இடம் இல்லாததால் செய்த மாற்றம் பிள்ளைகளுக்கு லாபமாகவே முடிகிறது.

கோல் போஸ்ட் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். இரண்டு களத்துக்கு நான்கு வேண்டும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்துவிடுவார்கள். ஆனால் பின்சட்டத்தில் மணல் மூட்டை வைத்து அழுத்தாமல் எந்தப் போஸ்ட்டையும் நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் தொங்குவார்கள், போஸ்ட் கவிழும். இதில் சமரசமே கூடாது.

முழுக் களத்தில் கோலுக்கு முன்னால் போடும் ‘டி’ வளைவு கோலிலிருந்து 14.63 மீட்டர். சின்னக் களத்துக்கு 10 மீட்டர் போதும். நடுக்கோடு, ‘டி’, எல்லைக்கோடு மூன்றும் சுண்ணாம்பில் போட்டால் வேலை முடிந்தது. அதற்கு முன் கல் பொறுக்க வேண்டும். முப்பது பேர் ஒரே வரிசையில் நின்று மெதுவாக நடந்து பொறுக்குவதுதான் சரியான வழி. பிறகு தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டுங்கள். சரிவுப் பக்கம் நைலான் வலை கட்டுங்கள். இல்லாவிட்டால் பந்து தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விடும், அதை எடுக்க ஒரு பிள்ளை பின்னாலேயே இறங்கும்.

இரவில் காட்டுப்பன்றி கிளறியிருக்கலாம், காட்டெருமை நடந்து குளம்புக் குழி விழுந்திருக்கலாம். போட்டி நாளன்று விடிந்ததும் ஒருவர் களம் முழுக்க நடந்து பார்க்க வேண்டும்.

படி 3: கடிதங்கள்

மைதானம் யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி. மாவட்ட ஹாக்கி சங்கத்துக்கு ஒரு கடிதம், ஏனென்றால் அம்பயர்கள் அங்கிருந்துதான் வருவார்கள். மாவட்ட விளையாட்டு அலுவலருக்குத் தகவல். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையம். அரசு மருத்துவமனைக்கும் வனத்துறைக்கும் தேதியைச் சொல்லி ஒரு கடிதம். இவ்வளவுதான், ஒரு வாரத்தில் முடியும்.

வனத்துறைக்கு எதற்கு என்று கேட்கலாம். கோத்தகிரியில் மாலைக்குப் பிறகு கரடியும் காட்டெருமையும் குடியிருப்புக்குள் வருவது வழக்கம். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு காட்டெருமை பக்கத்தில் போய் நிற்பார்கள். ஆறு மணிக்கு மேல் யாரும் நடந்து வெளியே போகக் கூடாது என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். தங்குமிடத்தில் மீந்த சாப்பாட்டை வெளியில் கொட்டவும் கூடாது.

படி 4: அட்டவணை

எட்டு அணி, இரண்டு பிரிவு. பிரிவுக்கு நான்கு அணி, ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஆடும் லீக் முறை. அப்படியானால் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. ஆனால் லீக்கோடு பாதி அணிகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பிரிவில் கடைசி இரண்டு இடம் பிடித்தவர்களும் மறுநாள் 5 முதல் 8 வரையிலான இடங்களுக்கு ஆடட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லீக் 12, மறுநாள் 8, மொத்தம் 20 ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் ஐந்து.

பன்னிரண்டு நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் மூன்று நிமிடம். அணிகள் மாறும் நேரத்தையும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு 35 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு களத்திலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்க வேண்டும், ஒரே மணியில் முடிய வேண்டும்.

சனிக்கிழமை 9.30, 10.05, 10.40, 11.15 என்று நான்கு சுற்று, சாப்பாடு, பிறகு 1.30, 2.05. லீக் முழுவதும் 2.40-க்கு முடிந்துவிடும். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வரும். அரை மணி நேரம் ஆட்டத்தை நிறுத்த வேண்டி வந்தாலும் 4.30-க்குள் முடிக்க இடம் இருக்க வேண்டும். ஒரு கோலிலிருந்து பார்த்தால் எதிர் கோல் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கையில் ஆரஞ்சு நிறப் பந்து நான்கைந்து இருக்கட்டும், லேசான மூட்டத்தில் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை 9 மணிக்கு 5 முதல் 8 வரையிலான இடங்களுக்கான முதல் ஆட்டங்கள், 9.35-க்கு அரையிறுதிகள், 10.30-க்கு ஏழாம் இடமும் ஐந்தாம் இடமும், 11.05-க்கு மூன்றாம் இடம், 11.40-க்கு இறுதி ஆட்டம். இறுதி ஆட்டம் நடக்கும்போது மற்றக் களம் காலியாக இருக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வேண்டிய ஆட்டம் அது. 12.30-க்குப் பரிசு, சாப்பாடு. 1.30-க்கு வேன்கள் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பாளையம் சேர்ந்துவிடுவார்கள்.

படி 5: விதிகளை முன்பே எழுத்தில் கொடுங்கள்

வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. புள்ளி சமமானால் வெற்றிகளின் எண்ணிக்கை, பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல். மறுநாள் ஆட்டங்கள் சமனானால் ஷூட்-அவுட்: அணிக்கு மூன்று பேர், ஒவ்வொருவரும் கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொண்டு கோல் போட 8 விநாடி. தவறு செய்பவருக்கு அம்பயர் காட்டும் பச்சை அட்டைக்கு 2 நிமிடம் வெளியே. மஞ்சள் அட்டை முறையான ஆட்டத்தில் குறைந்தது 5 நிமிடம். 24 நிமிட ஆட்டத்தில் அந்த 5 நிமிடமே கடுமையான தண்டனை, கூட்ட வேண்டாம்.

மண் தரையில், முகமூடி இல்லாத பிள்ளைகளை வைத்து பெனால்டி கார்னர் (கோல்கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்தை ‘டி’ விளிம்பிலிருந்து கோலுக்கு அடிப்பது) நடத்துவதை நான் ஏற்கவில்லை. பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்லவே முடியாது. அதற்குப் பதில் ஐவர் ஹாக்கியில் செய்வது போல, ஒருவர் பந்தோடு வர, கோல்கீப்பர் மட்டும் தடுக்கும் வாய்ப்பைக் கொடுங்கள். முழங்காலுக்கு மேல் பந்தைத் தூக்கி அடிப்பதற்கும் தடை போடுங்கள். ஷின் பேடும் பல் காப்பும் இல்லாமல் யாரும் களத்தில் இறங்கக் கூடாது.

பல கிராமப் பள்ளிகளிடம் கோல்கீப்பர் கவசம் முழு செட்டாக இருக்காது. ஹெல்மெட் இருந்தால், காலணி மேல் மாட்டும் கிக்கர் இருக்காது. களத்துக்கு இரண்டு வீதம் நான்கு செட் நீங்களே இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவசம் இல்லாததால் ஒரு அணி வர முடியாமல் போனால் அது நடத்துபவர்களின் பொறுப்பு.

வயதுக்குப் பிறப்புச் சான்றிதழும், பள்ளித் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட பட்டியலும் கேளுங்கள். போட்டிக்குப் பத்து நாள் முன்பே வாங்கிச் சரிபார்த்துவிட்டால் களத்தில் சண்டை வராது.

அம்பயர் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு பேர். இரண்டு களத்துக்கு நான்கு, மாற்றுக்கு இரண்டு, ஆக ஆறு பேர். ஸ்கோர் மேசையில் களத்துக்கு இரண்டு பேர்.

படி 6: மலையேறி வருபவர்களுக்கு

வெளியூர் வாகனங்களுக்கு ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதியான இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை, சொந்த வேனில் வந்தால் தேவை. ஒவ்வொரு அணியும் பாஸ் எடுத்துவிட்டதா என்று இரண்டு நாள் முன்பு நீங்களே தொலைபேசியில் கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை உண்டு, சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். களத்தில் இரண்டு இடத்தில் குடிநீர் கேன் வையுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர்தான். ஆனால் முழுக்க வளைவு. வெள்ளி சாயங்காலமே வந்து சேரச் சொல்லுங்கள். ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவையுங்கள். ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் ஆட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். மாற்று ஆட்டக்காரர்களை அடிக்கடி இறக்குவதுதான் மருந்து. காலைக் குளிரில் தசை இறுகியிருக்கும், ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் ஓடவிட்டே ஆக வேண்டும்.

தங்குவதற்குப் பள்ளி வகுப்பறையோ கல்யாண மண்டபமோ போதும். ஜனவரி இரவில் வெறும் ஜமக்காளம் பற்றாது. கீழே விரிக்க ஒன்று, போர்த்த இரண்டு கம்பளி. குளிக்கச் சுடுதண்ணீர். பெண்கள் அணி வந்தால் தனிக் கட்டடமும், இரவு முழுவதும் கூடவே இருக்கும் பெண் ஆசிரியரும் கட்டாயம்.

அணிக்கு 12 பிள்ளைகளும் 2 பெரியவர்களும் என்றால் 112 பேர். அம்பயர்கள், தொண்டர்கள் சேர்த்து 140 பேருக்குச் சமைக்க வேண்டும். காலையில் பொங்கல் வேண்டாம், தூக்கம் வரும். இட்லி போதும். ஆட்டங்களுக்கு இடையே வாழைப்பழமும் கடலை மிட்டாயும். ராத்திரி சூடான ரசம் சாதம்.

படி 7: பணமும் ஆட்களும்

நன்கொடையாகப் பணம் கேட்டால் சின்ன ஊரில் தயங்குவார்கள், பொருளாகக் கேட்டால் மனமுவந்து தருவார்கள். காய்கறி மண்டியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும், பேக்கரியில் வர்க்கியும் பன்னும், தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் கேளுங்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் முன்னாள் ராணுவத்தினர் நிறையப் பேர் உண்டு. ஸ்டிக் பிடித்தவர்கள் அவர்களில் கட்டாயம் இருப்பார்கள். தேடிப்போய்க் கூப்பிடுங்கள்.

கர்நாடகத்தின் குடகு மலையைப் பாருங்கள். அங்கே 1997-ல் பாண்டண்ட குட்டப்பா கரடா கிராமத்தில் தொடங்கிய குடும்ப ஹாக்கித் திருவிழாவை, ஆண்டுக்கு ஒரு குடும்பம் என்று முறைவைத்து ஏற்று நடத்துகிறார்கள். 2024-ல் நாபோக்லுவில் 360 குடும்பங்கள் ஆடின. ஒரே ஆள் தலையில் சுமை விழாததால்தான் அது வளர்ந்தது. நீங்களும் அடுத்த ஆண்டை நடத்தப்போகும் பள்ளியின் ஆசிரியரை இந்த ஆண்டே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரிசாக ஆளுயரக் கோப்பை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். சின்னக் கோப்பை ஒன்று, எல்லாப் பிள்ளைக்கும் பதக்கம், மிச்சப் பணத்தில் ஸ்டிக். சிறந்த கோல்கீப்பருக்கு ஒரு ஜோடி கிக்கர் கொடுத்துப் பாருங்கள், அந்தப் பள்ளியில் நான்கைந்து ஆண்டுக்கு உபயோகப்படும்.

முதலுதவி மேசையில் ஐஸ், கட்டுத்துணி, கத்தரிக்கோல், பயிற்சி பெற்ற ஒருவர். 108 வண்டி மைதானத்துக்குள் வர வழி விட்டு வாகனங்களை நிறுத்துங்கள். மலை ஊரில் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான், அதை யாரும் அடைக்கக் கூடாது. இதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள்.

படி 8: முடிந்த பிறகு

அணிகள் கிளம்பியதும் முளைக்குச்சிகளைப் பிடுங்கிக் குழியை மூடி, வலையைக் கழற்றி, குப்பையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மைதானத்தை ஒப்படையுங்கள். வேன் மேட்டுப்பாளையம் சேர்ந்ததும் பயிற்சியாளர் உங்களுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். எட்டு அழைப்பும் வரும் வரை யாராவது ஒருவர் கைப்பேசியோடு விழித்திருங்கள். ஒரு வாரத்துக்குள் ஆட்ட முடிவுகளையும் வரவு செலவுக் கணக்கையும் எல்லா அணிக்கும், பொருள் தந்த எல்லாக் கடைக்கும் அனுப்பிவிடுங்கள். அந்தக் கணக்கோடு போய், அடுத்த ஜனவரிக்கான மைதானக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.