ஊர்ப் பொதுத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கத்து ஊராட்சிகளுக்கு சோலார் பம்ப், குடிநீர், தெருவிளக்குத் திட்டங்கள் போட்டுத் தருவதைத் தனித் தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலூரில் வெயிலுக்குக் குறைவில்லை. இங்கே திட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கிலும் பணக் கணக்கிலும்தான்.

போர்வெல்லில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று அளக்காமலே மோட்டாருக்கு எத்தனை எச்.பி. என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். இந்தப் பகுதியில் அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் நிற்பது அதன் வெடிப்புகளில். ஒரு போரில் கொட்டும், கொஞ்சம் தள்ளிப் போட்டால் புழுதிதான் பறக்கும். மழை முடிந்த கையோடு டிசம்பரில் போய் அளந்தால் எல்லா போரும் நல்ல போராகத்தான் தெரியும். மே மாதம் அளக்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்று, நேரம் பார்க்க செல்போன், அவ்வளவுதான். மோட்டாரை நான்கைந்து மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் டிரம்மை வைத்துப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 1,000 பேர் இருக்கும் ஊருக்கு 55,000 லிட்டர். சோலார் மோட்டார் நன்றாக இறைப்பது 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், டிரம் 78 வினாடிக்குள் நிறைய வேண்டும். 4 நிமிடம் பிடித்தால் நாளுக்கு 18,000 லிட்டர்தான் கிடைக்கும். முந்நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் அது காணும். அப்போது பேனலைக் கூட்டிப் பயனில்லை. மோட்டார் காற்றை இழுத்து, அதன் கம்பிச் சுருள் எரிவதுதான் மிச்சம். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் வேலையை முதலில் எழுதுங்கள். வேலூர்ப் பக்கம் ஓடும் நாகநதி ஆற்றில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மீள்நிரப்புக் கிணறுகள் கட்டியிருக்கிறார்கள். எஸ்டிமேட் எழுத உட்காரும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் நேரம் கேட்காமல் விடுவது அடுத்த தவறு. ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு விடியற்காலையிலேயே தண்ணீர் வேண்டும். சோலார் மோட்டார் சரியாக இறைக்கத் தொடங்குவதற்குள் மணி ஒன்பதாகிவிடும். ஆகவே முந்தின நாள் இறைத்த தண்ணீர் மறுநாள் காலைக்குத் தாங்கும் அளவுக்கு மேல்நிலைத் தொட்டி வேண்டும். செலவைக் குறைக்கத் தொட்டியைச் சின்னதாக்கினால் குழாயடிச் சண்டைதான்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது பேனலின் சூடு 65-ஐத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். அதாவது உச்சி வெயிலில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். தகரக் கூரையோடு ஒட்டி மாட்டாமல் காற்றோட இடைவெளி விடச் சொல்லுங்கள்.

இனி பணம். பேனல் 25 வருடம் உழைக்கும். லெட் ஆசிட் பேட்டரி நான்கைந்து வருடத்தில் போய்விடும். புதுசு வாங்கப் பணம் இல்லாததால்தான் எரியாத சோலார் விளக்குக் கம்பங்கள் ஊருக்கு ஊர் நிற்கின்றன. 100 வீடு, வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் என்றால் 5 வருடத்தில் 1,20,000 ரூபாய் சேரும். இந்தக் கணக்கைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பணம் யார் பெயரில் இருக்கும், யார் கையெழுத்துப் போட்டு எடுப்பார்கள் என்பதை கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் சபை கூடுகிறது. தலைவரிடம் மட்டும் பேசி முடித்த திட்டம், அடுத்த தேர்தலில் தலைவர் மாறினால் அனாதையாகிவிடும்.

விற்பனையாளரிடம் கமிஷன் வாங்கவே வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் நீங்கள் அவருடைய ஏஜென்ட். ஊர் நம்பிக் கூப்பிட்ட ஆலோசகர் இல்லை. உங்கள் கட்டணம் எவ்வளவு, அதை யார் தருகிறார்கள் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். எஸ்டிமேட்டில் ஒரு கம்பெனியின் பெயரை எழுதாமல் தரத்தையும் அளவையும் மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக இடம். காலியாகக் கிடக்கிறது என்று ஏரிப் புறம்போக்கைக் காட்டுவார்கள். கோடை காலத்தில் மேய்ச்சல் நிலம் மாதிரிதான் தெரியும். ஏரி நிரம்பிக் கோடி போகும் வருடத்தில் பேனல் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். ஏரிகளைப் பாதுகாக்க 2007-இல் வந்த சட்டத்தின்படி அது ஆக்கிரமிப்பாகவும் ஆகலாம். வி.ஏ.ஓ.விடம் அடங்கலையும் (நிலப் பதிவேடு) புல வரைபடத்தையும் வாங்கிப் பார்த்த பிறகே பேனல் நிற்கும் இடத்தைக் குறியுங்கள்.