சின்ன என்ஜினுக்கு இரண்டு டர்போ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருவர் தவளக்குப்பத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். கையில் காயலான் கடையில் வாங்கிய டர்போ, அதாவது என்ஜின் புகையில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. "அண்ணே, வண்டியில ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இதையும் சேத்து மாட்டினா பிக்கப் டபுள் ஆயிடும்ல?" என்றார். 2013இல் நானும் இப்படித்தான் நினைத்தேன். இந்த ஆண்டில் இதே கேள்வியோடு வந்த நான்காவது ஆள் அவர். ஆயில், ஏர் ஃபில்டர் சமாச்சாரமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போடுவது

என் பணத்தைக் கரைத்த தவறு இது. யாராவது இதைத் திரும்பச் செய்யப் போனால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இரண்டு டர்போவைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரே குழாயில் காற்றைத் தள்ளினால் அழுத்தம் கூடாது. ஒரே மேல்தொட்டிக்கு இரண்டு மோட்டார் போட்டால் தண்ணீர் சீக்கிரம் நிறையும், ஆனால் இன்னொரு மாடி உயரத்துக்கு ஏறிவிடாது. அதே கதைதான். ஆளுக்கு 0.8 பார் (காற்றழுத்த அளவு) கொடுக்கும் இரண்டு டர்போ சேர்ந்தாலும் கிடைப்பது 0.8 பார்தான். கூடுவது காற்றின் அளவு. அந்தக் காற்றைக் குடிக்கப் பெரிய என்ஜின் வேண்டும்.

அப்புறம், டர்போவைச் சுற்றுவது புகை. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 1248 சிசி டீசல் 2000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2000 சுற்று), பூஸ்ட் எனும் டர்போவின் கூடுதல் அழுத்தம் இல்லாமல், நிமிடத்துக்கு அதிகபட்சம் 1250 லிட்டர் இழுக்கிறது. அதில் வரும் புகையை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு டர்போவுக்கும் பாதிதான். முழுப் புகைக்காகச் செய்த டர்போ பாதிப் புகையில் எழுந்திருக்காது. 2000இல் பிடிக்க வேண்டிய பூஸ்ட் 4000க்குப் போய்விடும். 5000ஐத் தாண்டாத என்ஜினில் மிச்சம் என்ன இருக்கிறது?

எனக்கு அதோடு முடியவில்லை. நான் மாட்டிய இரண்டில் ஒன்று தேய்ந்தது. வலுவான டர்போ தள்ளிய காற்று தேய்ந்ததன் கம்ப்ரசர் (காற்றைத் தள்ளும் பக்கம்) வழியாகத் திரும்பித் திரும்பி மோதியதில் அதன் பேரிங் போனது, சீல் போனது, ஆயில் நேராக என்ஜினுக்குள் இறங்கியது. கிருமாம்பாக்கம் அருகே சாவியை அணைத்தேன். வண்டி நிற்கவில்லை! டீசல் என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. ரோடு முழுக்கப் புகை. ஐந்தாவது கியரைப் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டே கிளட்ச்சை விட்ட பிறகுதான் அடங்கியது. பின்னால் பள்ளி வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. செலவு 85,000 ரூபாய். அந்த வேனை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஆர்எக்ஸ்-7ஐ உதாரணம் காட்டுவது

"மாஸ்டா தன் ஆர்எக்ஸ்-7 ஸ்போர்ட்ஸ் காரில் 1.3 லிட்டரிலேயே இரண்டு போட்டானே" என்பார்கள். அது பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி என்ஜின். ஒரு சுற்றுக்கு அது இழுக்கும் காற்று 2.6 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினுக்குச் சமம். அதிலும் முதலில் ஒரு டர்போ, வேகம் ஏறிய பிறகு அடுத்தது. அதற்காக உள்ளே ஓடும் வேக்குவம் ஹோஸ்களைப் பார்த்தாலே தலை சுற்றும். 1981இல் வந்த மசெராட்டி பைடர்போ 2 லிட்டர்தான், ஆனால் வி6, அதாவது பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர். பக்கத்துக்கு ஒன்று என்று வைக்க அங்கே இடமும் காரணமும் இருந்தன. 1989இல் நிசான் 930 சிசி மார்ச் காரில் நிஜமாகவே இரட்டை ஏற்பாடு செய்தது. அங்கேயும் டர்போ ஒன்றுதான். கீழ் வேகத்தைப் பார்த்துக்கொள்ள புகையில் அல்லாமல் என்ஜின் பெல்ட்டில் ஓடிக் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜரை வைத்தார்கள்.

ஆயில் ரிட்டர்ன் குழாயை மேலே வளைப்பது

கூடாது. டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்து, என்ஜினுக்கு அடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்கு இறங்க வேண்டும். சின்ன பானெட்டுக்குள் இரண்டாவது டர்போவுக்கு அந்தச் சரிவு கிடைப்பதே இல்லை.

ஆர்டிஓ பார்க்க மாட்டார் என்று நம்புவது

மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இருக்கும் டர்போவைச் சோதிக்காமல் விடுவது

பிக்கப் குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் என்ஜின், சாதாரண டர்போவோடு 75 குதிரைத்திறனும் இறக்கைகள் திரும்பும் டர்போவோடு 90ம் கொடுத்தது. இரண்டிலும் டர்போ ஒன்றேதான்.

அந்தத் தம்பியின் வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், விரல் நீளத்துக்கு விரிசல். காற்று அங்கேயே கசிந்தால் பிக்கப் எப்படி வரும்? புது ஹோஸ் மாட்டி ரெட்டிச்சாவடி வரை ஓட்டிவிட்டு வந்தோம். வாங்கிய டர்போவைக் காயலான் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுக்கொண்டே கிளம்பினார்.