பரனைட்டைச் செல்சியஸுக்கு மாற்றுவது: 12 முட்டை போன பிறகு படித்த கணக்கு

எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டில் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் ஊர்க்கோழி முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் நானும் தொடங்கினேன். பெட்டி, பல்ப், சின்ன ஃபேன், சூட்டைக் கட்டுப்படுத்த கிளிநொச்சி டவுனில் வாங்கிய கொன்ட்ரோலர், எல்லாம் தயார். கொன்ட்ரோலர் செல்சியஸில் மட்டும்தான் காட்டும். கனடாவில் இருக்கிற சித்தப்பாவோ, "99.5இல வை தம்பி, கூடக் குறைய விடாதை" என்றார். அவர் சொன்னது பரனைட்.

30ஐக் கழித்துப் பாதியாக்கு என்று ஒரு குறுக்குவழி எப்போதோ காதில் விழுந்திருந்தது. 69.5இல் பாதி, 34.8 என்று வைத்தேன். 21 நாள் கரண்ட் செலவு, 12 முட்டை, ஒரு குஞ்சு இல்லை. வைத்திருக்க வேண்டியது 37.5. வெயில் எவ்வளவு என்று குத்துமதிப்பாகச் சொல்ல அந்தக் குறுக்குவழி போதும், முட்டைக்கு ஆகாது.

சரி, ஒழுங்கான முறைக்கு வருவோம்.

முதலில் 32ஐக் கழியுங்கள். 99.5இல் 32 போனால் 67.5. அடுத்தது 1.8ஆல் வகுங்கள். 37.5. அவ்வளவுதான்.

ஆனால் நான் இதிலும் ஒருமுறை விழுந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி 5ஆல் பெருக்கி 9ஆல் வகுக்கலாம் என்று போனில் 99.5 − 32 × 5 ÷ 9 என்று ஒரே மூச்சில் அழுத்தினால் 81.7 வந்தது. அதில் வைத்திருந்தால் அவித்த முட்டைதான். போன் கல்குலேட்டர் பெருக்கல் வகுத்தலை முதலில் முடித்துவிட்டுத்தான் கழிக்கும், அதாவது 32ஐ 17.8 ஆக்கி அதைத்தான் 99.5இலிருந்து எடுத்திருக்கிறது. அதனால் கழித்தவுடன் சமன் குறியை அழுத்துங்கள், 67.5 வந்ததைக் கண்ணால் பாருங்கள், பிறகு மிச்சத்தைச் செய்யுங்கள். கடை மேசையில் கிடக்கிற பழைய கல்குலேட்டர் பெரும்பாலும் அழுத்திய ஒழுங்கிலேயே போகும், எனக்கு அதுதான் பிடிக்கும். மாற்றித் தருகிற செயலி எதையும் நான் போனில் வைத்திருப்பதில்லை, கணக்கை விட விளம்பரம்தான் அதிகம்.

ஏன் முதலில் 32? ஐஸ் உருகும் இடம் செல்சியஸில் 0, பரனைட்டில் 32. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்க அந்த 32ஐ எடுத்துவிட வேண்டும். தண்ணீர் கொதிப்பது ஒன்றில் 100, மற்றதில் 212. ஒரே தூரத்தை ஒருவர் 100 படியாகவும் மற்றவர் 180 படியாகவும் வெட்டியிருக்கிறார்கள், 1.8 அங்கிருந்துதான் வருகிறது.

மறுபக்கம் போக 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டுங்கள். இதற்கு மனக்கணக்கே போதும்: இரட்டிப்பாக்கி, வந்ததில் பத்தில் ஒன்றைக் கழித்து, 32 கூட்டுங்கள். 37.5 இரட்டித்தால் 75, அதில் 7.5 போனால் 67.5, 32 சேர்த்தால் 99.5. இது குத்துமதிப்பு இல்லை, சரியான விடை. பிள்ளைக்குக் காய்ச்சல் 38.4 என்று வெப்பமானி காட்ட, டொக்டர் "நூற்றியொன்று இருக்குமா" என்று கேட்டாலும் இதே வழிதான்: 101.1.

கணக்குப் பிழைத்ததா என்று பார்க்க மைனஸ் 40ஐப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அதே மைனஸ் 40 வர வேண்டும். வன்னியில் அந்தக் குளிரை யாரும் காணப்போவதில்லை, சோதனைக்கு உதவும்.

பிறகு சேர்த்தது: பெட்டிக்குள் சூடு 2 பாகை பரனைட் ஏறி இறங்குகிறது, செல்சியஸில் எவ்வளவு என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அவர் போட்ட கணக்கில் மைனஸ் 16.7 வந்ததாம். வித்தியாசத்துக்கு 32 வேண்டாம் அக்கா, வெறும் 1.8ஆல் வகுங்கள், 1.1தான். இதை முன்பே எழுதாதது என் பிழை.

இன்னொன்று, 37.5 என்பது ஃபேன் உள்ள பெட்டிக்கு. ஃபேன் இல்லாவிட்டால் மேலே சூடு, கீழே குளிர் என்று இருக்கும், அதனால் முட்டையின் மேல்மட்டத்தில் வெப்பமானியை வைத்து 101 முதல் 102 வரை பார்க்கச் சொல்வார்கள். அது செல்சியஸில் எவ்வளவு என்று இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள், 38.3க்கும் 38.9க்கும் இடையில் வராவிட்டால் சமன் குறியை அழுத்த மறந்திருக்கிறீர்கள்.